பழைய பாப்கேட் வாங்குகிறீர்களா? சூடேறிய பிறகு பாருங்கள்

முன்னால் பக்கெட் வைத்து மண் அள்ளுகிற குட்டி மிஷினை, பெங்களூரில் ஸ்கிட் ஸ்டீர் லோடர் என்று அதன் சரியான பெயரில் கேட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. பேக்ஹோ லோடர் எல்லாம் ஜே.சி.பி. ஆனதுபோல, எந்த கம்பெனி மிஷினாக இருந்தாலும் இங்கே இது பாப்கேட்தான். இரண்டு பக்கமும் வீடு ஒட்டி நிற்கிற தர்ட்டி ஃபார்ட்டி (முப்பதுக்கு நாற்பது அடி) சைட்டில், பெரிய மிஷின் நுழையாத சந்தில் மண் அள்ள இதை விட்டால் வேறு வழியில்லை. அதனால் பழைய மிஷினுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அந்தக் கிராக்கியை நம்பித்தான் பல ஓட்டை மிஷின்கள் பெயிண்ட் பூசிக்கொண்டு நிற்கின்றன.

என் முதல் மிஷினும் அப்படித்தான் வந்தது. ஹோஸ்கோட்டே பக்கம் பழைய மிஷின் விற்கிற ஒரு யார்டு, டிசம்பர் மாதக் காலை. அந்தக் குளிரிலும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. பக்கெட்டைத் தூக்குகிற ஆர்ம் சர்ரென்று மேலே போனது. இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்றாம் நாள் சர்ஜாபூர் ரோட்டில் ஒரு பேஸ்மென்ட் வேலை. பதினொரு மணி வரை நன்றாக ஓடியது. அப்புறம் லோடோடு ராம்ப்பில் பாதி ஏறி நின்றுவிட்டது. இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஏறும், திரும்பவும் நிற்கும்.

இந்த மிஷினில் லாரி மாதிரி கிளட்ச், கியர்பாக்ஸ் கிடையாது. இன்ஜின் ஹைட்ராலிக் பம்ப்பைச் சுற்றும். பம்ப் தள்ளுகிற ஆயில் இடது பக்க மோட்டாரையும் வலது பக்க மோட்டாரையும் தனித்தனியாக ஓட்டும். பம்ப்போ மோட்டாரோ உள்ளே தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளி வழியாகக் கசிந்து திரும்பிவிடும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் அந்தக் கசிவு தெரியாது. சூடேறி ஆயில் நீர்த்ததும் வண்டவாளம் வெளியே வரும். நான் இன்ஜினை மட்டும் பார்த்தேன். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. என் பணத்தைத் தின்றது பம்ப்.

ஆகவே இருபது நிமிட டெமோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரமாவது மண்ணில் வேலை வாங்குங்கள். சூடானதும் பக்கெட்டை மண் குவியலில் குத்தி முழு ஆக்ஸிலரேட்டரில் தள்ளச் சொல்லுங்கள். சக்கரம் மண்ணைக் கிளறிக்கொண்டு சுற்றினால் தெம்பு இருக்கிறது. சக்கரம் அசையாமல் இன்ஜின் மட்டும் கத்தினாலோ, ஒரு பக்கம் மட்டும் தள்ளினாலோ யோசியுங்கள். சமதளத்தில் நேராக ஓட்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பாருங்கள். டயர் காற்றழுத்தம், லீவர் செட்டிங் சரியாக இருந்தும் இழுத்தால் அந்தப் பக்க மோட்டாரையோ பம்ப்பையோதான் சந்தேகப்பட வேண்டும். கூடவே பக்கெட்டில் மண் ஏற்றி, ஆர்மைப் பாதி தூக்கி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். திரும்பி வரும்போது கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருந்தால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது.

இன்ஜினைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார்டுக்குப் போனதும் முதலில் இன்ஜின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஓடும்போது நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்குச் சில சமயம் அடைத்துப்போன ஏர் ஃபில்டரே காரணமாக இருக்கும்.

அடுத்து, யாரும் குனிந்து பார்க்காத இடம், செயின் பெட்டி. பெரும்பாலான மாடல்களில் மோட்டாரிலிருந்து முன் பின் ஆக்ஸிலுக்குச் சக்தி போவது, ஆயிலில் மூழ்கிய செயின் வழியாகத்தான். நான் இப்போது கூட்டிப் போகிற மெக்கானிக் செயின் பெட்டி மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு ஆயிலைத் தொட்டு வெயிலில் காட்டுவார். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் பொடி மினுமினுத்தால் உள்ளே இரும்பு தேய்கிறது. பிறகு மிஷினை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுவார். லேசாக அசைவது சகஜம். டொக் டொக்கென்று நன்றாக ஆடினால் செயின் தளர்ந்திருக்கிறது. இது நடக்கும்போது விற்பவர் முகத்தையும் பாருங்கள், அதுவும் ஒரு மீட்டர்தான்.

மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற ஹவர் மீட்டரைப் பெரிதாக நம்ப வேண்டாம். அதை மாற்றலாம், ஒயரைப் பிடுங்கி நிறுத்தியும் வைக்கலாம். மீட்டர் 1,800 மணி நேரம் என்கிறது, ஆனால் பெடல் ரப்பர் வழவழப்பாகி, சீட் கிழிந்து, பக்கெட்டை ஆர்மோடு கோக்கிற இரும்புப் பின்னின் துளை நீள்வட்டமாக இருக்கிறதென்றால் எதை நம்புவது? பிரேக்கர் மாட்டிப் பாறை உடைத்த மிஷினில் இந்தப் பின்னும் அதைச் சுற்றியிருக்கிற புஷ்ஷும் சீக்கிரம் போகும். நம் ஊர்ச் செம்மண்ணுக்கு அடியில் பாறை என்பதால் இப்படிப்பட்டவை இங்கே அதிகம். பக்கெட் நுனியைத் தரையில் ஊன்றி ஆர்மை மெல்ல ஏற்றி இறக்கினால் ஆட்டம் தெரியும். ஆர்மில் புது வெல்டிங் மேல் புதுப் பெயிண்ட் இருந்தால் அது விரிசல் விட்ட இடம்.

டயரில் பலர் ஏமாறுகிறார்கள். இந்த மிஷின் ஸ்டீயரிங்கில் திரும்புவதில்லை, ஒரு பக்கச் சக்கரம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றி, தரையில் வழுக்கித்தான் திரும்புகிறது. கான்கிரீட்டில் ஓடினால் டயரைத் தின்றுவிடும். தேய்ந்த டயரோடு ஒரே ஒரு புது டயர் போட்டுக் காட்டினால் கவனம். ஒரு பக்கத்தின் இரண்டு சக்கரமும் செயினால் கட்டப்பட்டவை, உயரம் வித்தியாசப்பட்டால் அந்த இழுபறி செயின் மேல்தான் விழும். நிறைய மாடல்களில் டயர் அளவு 10-16.5 அல்லது 12-16.5. சாதாரண 16 இஞ்ச் லாரி டயர் அந்த ரிம்மில் உட்காராது.

சீட் பார், அதாவது ஆப்பரேட்டர் மடிக்கு மேல் இறங்குகிற பாதுகாப்புக் கம்பி, அதன் இன்டர்லாக்கை ஒயர் போட்டு பைபாஸ் செய்த மிஷினை நான் தொடுவதே இல்லை. பாரைத் தூக்கினால் ஆர்மும் சக்கரமும் லாக் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால், ஆப்பரேட்டர் இறங்கும்போது முட்டி லீவரில் பட்டால் போதும், தூக்கிய ஆர்ம் அவர் மேலேயே இறங்கும். விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம்.

பேப்பருக்கு வருவோம். இங்கே கிடைப்பதில் பல ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து டி.என். (தமிழ்நாட்டுப் பதிவு) வண்டிகள். அதை இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஃபைனான்ஸ் இருந்தால் அது முடிந்ததற்குப் படிவம் 35. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கர்நாடகாவில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். தொழிற்சாலைக்குள்ளேயே ஓடியது, ஆர்.சி. இல்லை, இன்வாய்ஸ் மட்டும்தான் என்பார்கள் சிலர். ரோட்டில் இறக்குகிற எண்ணம் இருந்தால் அந்த மிஷின் உங்களுக்கு ஆகாது. மிஷினில் அடித்திருக்கிற சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் தேய்த்துப் பார்த்துப் பேப்பரோடு ஒப்பிடுங்கள்.

தயாரித்த வருஷமும் முக்கியம். சக்கரம் வைத்த கட்டுமான மிஷின்களுக்கு 2021 ஏப்ரலில் சி.இ.வி. (கட்டுமான வாகனம்) ஸ்டேஜ் 4 புகை விதி வந்தது. புது இன்ஜின்களில் எலக்ட்ரானிக்ஸ் கூடியிருக்கிறது, கோளாறு பார்க்க ஸ்கேனர் தெரிந்த ஆள் வேண்டும். மெக்கானிக்கல் பம்ப்பால் டீசல் செலுத்துகிற பழைய இன்ஜினுக்குத் தெரு மெக்கானிக்கே போதும்.

இரண்டாவது மிஷின் பார்க்கப் போனபோது ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றேன். டீசல் விலை தெரியுமா சார் என்றார் யார்டுக்காரர். காரிலிருந்து பத்து லிட்டர் கேனை எடுத்து அவர் முன்னாலேயே டேங்கில் ஊற்றினேன். நாற்பதாவது நிமிடம் மிஷின் குவியலில் நின்றுவிட்டது. மிச்ச டீசலைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆன செலவு.