ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது அலாய் வீல்: உரசாமல் பொருந்த அளவெடுக்கும் முறை

புது வீல் வாங்குகிறவர்கள் ஃபெண்டரோடு (சக்கரத்துக்கு மேலுள்ள வளைந்த தகடு) சமமாக நிற்குமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் உள்பக்கத்தில், பிரேக் கேலிப்பரிலும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஸ்ட்ரட்டிலும்தான் (சஸ்பென்ஷனின் நிமிர்ந்த தண்டு) வரும். அளவெடுப்பதை அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால், விட்டுக்கொடுக்கவே முடியாத எண் பிசிடி. போல்ட் துளைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பதை அது சொல்கிறது. டொயோட்டா 86-க்கு 5×100, நிஸான் 370இசட்டுக்கு 5×114.3. ஆபத்து நெருங்கிய எண்களில் இருக்கிறது. 5×112 வீலை 5×114.3 ஹப்பில் (வீல் பதியும் நடுப்பாகம்) வைத்து இறுக்கினால் ஏறிவிடக்கூடும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் (ஹப்பிலிருந்து நீட்டிய மரைத் தண்டு) 1.15 மி.மீ. தள்ளி நிற்பதால் நட் முழுதாகப் பதியாது, ஸ்டட் வளைந்த இழுவையிலேயே ஓடும். போகப்போக நட் தளரும், ஸ்டட் ஒடியும்.

அடுத்தது நடு ஓட்டை. அது ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் வீல் ஏறாது. பெரியதாக இருந்தால் சென்டரிங் வளையம் போட வேண்டும். 86-இன் ஹப் 56.1 மி.மீ.; வெளிச்சந்தை வீல்கள் பலவற்றில் ஓட்டை 73.1. அப்படியானால் 73.1-க்கு 56.1 வளையம். இது எடையைத் தாங்குவதில்லை. வீலை நடுவில் நிறுத்துவது மட்டுமே இதன் வேலை. இதை விட்டுவிட்டு, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று திரும்பத் திரும்ப பேலன்சிங் செய்வதில் பயனில்லை.

இனி ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். அகலத்தைச் சேர்க்காமல் ஆஃப்செட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முதல் தலைமுறை 86-இன் 17 இன்ச் கம்பெனி வீல் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 48. அதற்குப் பதில் 8.5 இன்ச், ஆஃப்செட் 45 போடுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் கூடியது 1.5 இன்ச், அதாவது 38 மி.மீ.; பக்கத்துக்கு 19. ஆஃப்செட் வித்தியாசம் 3. வெளியே 19+3=22 மி.மீ., உள்ளே 19−3=16 மி.மீ. நகரும். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு, இப்போதைய வீலுக்கு இருபுறமும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று உங்கள் காரிலேயே அளந்து ஒப்பிடுங்கள். ஒரே மாடலாக இருந்தாலும் தாழ்த்திய கார், கேம்பர் (வீலின் சாய்வு) மாற்றிய கார் என்றால் இன்னொருவரின் அளவு உதவாது.

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் டயரோடு ஸ்ட்ரட்டும் சேர்ந்தே நகர்வதால், உள்ளே 5, 6 மி.மீ. இடைவெளி போதும். டபுள் விஷ்போனில் (மேலும் கீழும் இரு கைகள் வீலைப் பிடிக்கும் அமைப்பு) அப்படி இல்லை. மேல் கை தனியாக அசையும். ஜாக்கியால் சஸ்பென்ஷனை முழுதும் உயர்த்தி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஃபெண்டர் பக்கத்தை எந்தக் காராக இருந்தாலும் இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

கேலிப்பர் இடைவெளியை எந்த எண்ணும் சொல்லாது. அளவும் ஆஃப்செட்டும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு டிசைன்களில் ஒன்று ஏறும், மற்றது ஸ்போக் வளைவால் இடிக்கும். பெரிய பிரேக் போட்டிருந்தால் அதன் தயாரிப்பாளர் தரும் வார்ப்புருவை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துப் பாருங்கள். ஸ்போக்கின் பின்னால் களிமண் உருண்டை ஒட்டி, மாட்டிக் கழற்றினால் நசுங்கிய தடிமன் தெரியும். 3 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த வீல் வேண்டாம். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் எடைக்கும் இடம் வேண்டும். டயர் ஏற்றிய வீலைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. ஆகவே ஒரு வீலை டயரில்லாமல் மாட்டிப் பார்த்த பிறகே நான்கையும் வாங்குங்கள்.

டயரின் மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 இன்ச்) சுமார் 625 மி.மீ.; 225/40 ஆர்18 சுமார் 637, பரவாயில்லை. 235/40 ஆர்18 645-ஐத் தொட்டு வரம்பைத் தாண்டுகிறது. ஆல் வீல் டிரைவ் காரில் முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பாகம்) ஓயாமல் உழைத்துச் சூடேறும்.

வீலில் பொறித்த சுமை அளவு, அதிகச் சுமை விழும் அச்சின் உச்ச எடையில் பாதிக்குக் குறையக் கூடாது.

நட்டில் பலர் ஏமாறுகிறார்கள். ஹோண்டாவின் கம்பெனி நட் உருண்டை முகம் கொண்டது. வெளிச்சந்தை வீல்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு முகம் கேட்கும். மாற்றிப் போட்டால் மெல்லிய விளிம்பில் மட்டுமே பிடிக்கும். மரையும் ஒத்திருக்க வேண்டும்: 86-க்கு எம்12×1.25, பெரும்பாலான ஹோண்டாக்களுக்கு எம்12×1.5. எம்12×1.5 குறைந்தது 8 சுற்றும், 1.25 குறைந்தது 10 சுற்றும் ஏற வேண்டும். ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தட்டை வளையம்) போட்டுச் சுற்று குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

மாட்டும்போது ஹப் முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுங்கள். நட்டுகளைக் கையால் தொடங்கி, எதிரெதிராக, கார் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடியபின், வீல் ஆறிய நிலையில், அதே அளவுக்கு இன்னொரு முறை சரிபாருங்கள்.