சில்லர் டிசைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி டிராயிங் கொண்டுவந்தார். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு மருத்துவமனை. 60 டன் குளிரூட்டும் திறனுக்கு 30 டன் சில்லர் மாட்யூல் (ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) இரண்டு. நல்ல வேலைதான், ஆனால் பஃபர் டேங்க், அதாவது சுற்றும் தண்ணீரின் அளவைக் கூட்டி வைக்கும் தொட்டி, இல்லை. கேட்டேன். "பைப்லயே தண்ணி இருக்குதுங்களேண்ணா" என்றார். வாளையார் பக்கம் என் முதல் மருத்துவமனை வேலையில் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

பைப் சைஸ், இன்சுலேஷன் எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் கைசுட்டுக் கற்றதை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீர் போதாத லூப் (தண்ணீர் சுற்றிவரும் பைப் வளையம்)

அந்த வேலையும் இதே 60 டன்தான். ஒவ்வொரு மாட்யூலிலும் 15 டன் ஸ்க்ரோல் கம்ப்ரசர் இரண்டு. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில் ஓபி மூடி, ஐசியூவும் சில அறைகளும் மட்டும் ஓடும்போது லோடு 8 டன்தான். ஆனால் 15 டன்னுக்குக் கீழே ஓட அந்த மெஷினால் முடியாது. மிச்சம் 7 டன், அதாவது சுமார் 25 கிலோவாட், லூப் தண்ணீரை வேகமாகக் குளிரவைத்துவிடும்.

பேப்பரில் லூப்பில் 700 லிட்டர் காட்டியிருந்தேன். அங்கேதான் தவறு. இரவில் அறைகளுக்குப் போகும் பைப்புகளின் டூ-வே வால்வுகள் மூடிக்கொண்டால் அந்தக் கிளைகளில் உள்ள தண்ணீர் சுற்றாது. அறைகளுக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் பைப் வழியாகச் சுற்றியது 300 லிட்டர்தான். தண்ணீர் 3 டிகிரி இறங்கி ஏறும் வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் கம்ப்ரசர் இரண்டரை நிமிடம் ஓட்டம், இரண்டேகால் நிமிடம் நிற்றல். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து, கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்சான கான்டாக்டர் 'டக்' என்று விழுவதை எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் 12 முறை.

கம்ப்ரசர் நின்றபின் மறுபடி ஸ்டார்ட் ஆகக் காத்திருக்கும் டைமரை கன்ட்ரோலரில் 5 நிமிடமாகக் கூட்டிப் பார்த்தோம். ஸ்டார்ட் குறைந்தது, ஆனால் கம்ப்ரசர் நிற்கும் நேரத்தில் 7 டிகிரித் தண்ணீர் 13-ஐத் தாண்டி ஏறியது. ஐசியூ கண்ணாடியில் வியர்வை பூத்தது. டைமரைப் பழையபடி குறைத்தோம். அடிக்கடி ஸ்டார்ட் ஆகி, இரண்டாவது கோடையில் ஒரு கம்ப்ரசர் போனது. கழற்றியபோது ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. பாதிச் செலவு என் கையை விட்டுப் போனது. இன்றைக்கும் டேங்க் இல்லாத டிராயிங்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு ரிட்டர்ன் லைனில் 2,000 லிட்டர் டேங்க் வைத்தோம். ஓட்டம் கிட்டத்தட்ட 20 நிமிடமானது. டேங்க் உள்ளே தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வந்த தண்ணீர் குறுக்கே புகுந்து அப்படியே வெளியே போய்விடும், டேங்க் இருந்தும் பயனில்லை.

ஃப்ளஷ் செய்யாமல் இணைப்பது

மாட்யூலுக்குள் தண்ணீரைக் குளிரவைக்கும் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் தகடுகளின் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். வெல்டிங் கசடு உள்ளே போனால் திரும்பி வராது. முதலில் மாட்யூலைத் தவிர்த்து பைப்பைக் கழுவுங்கள்.

அழகுக்குச் சுவர்

மாட்யூலைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் வெளியேறிய சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். பாலக்காட்டில் மார்ச் மாத மதியம் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஹை பிரஷர் ட்ரிப்தான், அதாவது அழுத்தம் கூடி மெஷின் தானாக நின்றுவிடும். ஜூனில் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றையும் மனதில் வைத்து இடம் பாருங்கள்.

ஹீட் பம்பை பாய்லர் மாதிரி நினைப்பது

குளியலுக்குத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் சிறியதாக இருந்து நீண்ட நேரம் ஓட வேண்டும், டேங்க் பெரியதாக இருக்க வேண்டும். 1,000 லிட்டரை 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 37 யூனிட் வெப்பம் போதும். 20 கிலோவாட் வெப்பம் தரும் மெஷின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். காலைக் குளியல் நேரத்தைப் பார்த்து பெரிய மெஷின் வாங்கித் தலையில் கட்டாதீர்கள்.

எதிர்காலத்துக்கு என்று இப்போதே கூடுதல் மாட்யூல்

வேண்டாம். மாட்யூல்களை இணைக்கும் பெரிய பைப்பான ஹெடரில் வால்வு விட்டு மூடிவையுங்கள்.

அந்தத் தம்பிக்கு டேங்க் வரைந்து கொடுத்தேன். தண்ணீர் மட்டுமே இரண்டு டன் எடை. மொட்டை மாடிக் கான்கிரீட் போடும் முன் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.