நெட் இல்லாத வகுப்பில் தமிழ் விக்கிப்பீடியா: பழைய மடிக்கணினியே போதும்

டவர் எட்டாத மலைப்பள்ளி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இதுதான். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் குட்டிக் கணினியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நல்ல பொருள்தான், ஆனால் பழுதானால் பார்த்துத் தர பக்கத்தில் ஆள் கிடைக்காது. முன்னாள் மாணவர் வீட்டுப் பரணில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினியைக் கேட்டு வாங்குங்கள்.

1. டவுனுக்குப் போகும்போது கிவிக்ஸ் (நெட் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் மென்பொருள்) தளத்தில் விண்டோஸுக்கான கிவிக்ஸையும், தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பாக அடங்கிய ஜிம் (ZIM) கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். கோப்பின் பெயரில் மேக்ஸி, நோபிக், மினி என்று இருக்கும். மேக்ஸியில் படங்களோடு முழுக் கட்டுரை வரும், நோபிக்கில் படம் இருக்காது, மினியில் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டுரையின் முன்னுரை மட்டுமே வரும். மேக்ஸியை எடுங்கள், படம் இல்லாமல் இதயத்தின் நான்கு அறைகளை எப்படிக் காட்டுவது?

2. பென்டிரைவில் இடம் இருந்தும் பெரிய கோப்பு ஏற மறுத்தால், அது ஃபேட் 32 முறையில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

3. கிவிக்ஸில் கோப்பைத் திறந்து, மெனுவில் உள்ள உள்ளூர் சர்வரைத் தொடங்குங்கள். மடிக்கணினியில் இருப்பதை மற்ற டேப்லெட்டுகளிலும் படிக்க வைப்பது இதுதான். திரையில் ஒரு முகவரி வரும்.

4. பெரிய தலைவலி இங்கேதான். மடிக்கணினியின் மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்தே டேப்லெட்டுகளை இணைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் 10-இல் அந்த வசதி, பகிர்வதற்கு ஏற்கெனவே ஒரு இணைப்பு இருந்தால்தான் ஆன் ஆகும். நம்மிடம் இல்லாததே அதுதானே! அதனால் விலை குறைந்த வைஃபை ரவுட்டர் ஒன்று வாங்குங்கள். இணையக் கேபிள் செருகும் துளை காலியாகவே இருக்கட்டும். மடிக்கணினி, டேப்லெட் எல்லாவற்றையும் அதே ரவுட்டரில் இணைத்துவிட்டு, சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் 192.168 என்று தொடங்கும் முகவரி தெரியும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, டேப்லெட்டின் பிரௌசரில் தட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் முக்காற்புள்ளிக்கு (:) பதில் அரைப்புள்ளி (;) தட்டுவார்கள், அங்கே ஒரு கண் இருக்கட்டும்.

5. "இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?" என்று டேப்லெட் கேட்டால் ஆம் கொடுங்கள். சிம் போட்ட போன் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், அறிவியல் ஆசிரியர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தையும் பாருங்கள், அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் உருவகப்படுத்தல்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு உருவகப்படுத்தலையும் தனிக் கோப்பாக இறக்கினால் நெட் இல்லாமலே பிரௌசரில் ஓடும். மின்சுற்றுப் பாடத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

பிற்சேர்க்கை: மடிக்கணினியில் திறக்கிறது, டேப்லெட்டில் திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஃபயர்வால்தான் தடுக்கும். கிவிக்ஸுக்கு அனுமதி கேட்கும்போது பிரைவேட், பப்ளிக் இரண்டிலும் டிக் போடுங்கள். போனிலேயே கிவிக்ஸ் போடுகிறவர்கள் பிளே ஸ்டோர் பதிப்பை விட்டு, கிவிக்ஸ் தளத்தில் கிடைக்கும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) நிறுவுங்கள். புதிய ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் பதிப்பு, மெமரி கார்டில் நீங்கள் போட்டு வைத்த கோப்பைத் தானாகத் தேடி எடுக்காது.