மாடி மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்புவது எப்படி?

2015 வெள்ளத்தையும் 2019 வறட்சியையும் பார்த்த சென்னையில் மாடித் தண்ணீரை இன்னும் சாக்கடைக்கு விடுவது அநியாயம். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே கிட்டத்தட்ட 900 லிட்டர் விழும்.

ஐப்பசிக்கு முன்பே மாடியைக் கூட்டிக் கழுவி, குழாய் வாயில் வலை மாட்டுங்கள். முதல் மழைத் தண்ணீரில் தூசியும் காக்கா எச்சமும் இருக்கும், அதை வெளியே விட ஒரு தனி வால்வு வேண்டும். அப்புறம் வருவதை ஜல்லி, கூழாங்கல், மணல் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விடுங்கள். கிணறு இல்லையா? பெசன்ட் நகர் மாதிரி மணல் பகுதியில் சாதாரண உறிஞ்சு குழியே போதும், களிமண் என்றால் மணல் தட்டுப்படும்வரை ஆழமாகத் துளை போட வேண்டும். செப்டிக் டேங்க் பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003லேயே கட்டாயமாக்கியதுதான், ஆனால் பல வீடுகளில் குழாய் சும்மா பெயருக்குத் தொங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது மணலை எடுத்து அலசிப் போடுங்கள்.