கூச்சம் வராமல் பல்லை வெளுக்க

எலுமிச்சைச் சாறைப் பல்லில் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அதன்மேல் சமையல் சோடாவைப் போட்டுப் பத்து நாள் தேய்த்தேன். பதினோராம் நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சுரீரென்று கூசின. குழாய்த் தண்ணீர்தான், அது கூடத் தாங்கவில்லை. பல் வெளுத்ததா என்றால் அதுவும் இல்லை.

என்ன தவறு செய்தேன் என்பது பிறகுதான் விளங்கியது. பல்லின் மேலோடான எனாமலில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். உடம்பிலேயே அதுதான் மிகக் கடினமானது. ஆனால் அதில் உயிரணு கிடையாது, தேய்ந்து போனது திரும்ப வளராது. வாயின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்; பிஎச் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். சோடா தனியாக அவ்வளவு முரடானது இல்லை. சாற்றில் இளகிப்போன எனாமலைப் பிரஷால் தேய்த்ததுதான் வினை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். மேலோடு மெலிய மெலிய அந்த மஞ்சள்தான் தூக்கலாகத் தெரியும். வெளுப்பாக்கக் கிளம்பி மஞ்சளைக் கூட்டிக்கொள்ளும் வழி இது. கரித்தூளையும் அதே காரணத்துக்காக ஒதுக்கிவிட்டேன். மேல்கறையை உரசி எடுக்கும், உள்நிறத்தைத் தொடாது.

ஆகவே முதல் வேலை, உங்கள் கறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. காபி, டீ, புகையிலை எல்லாம் மேலே படிகிற கறை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை நாள்கணக்கில் பயன்படுத்தினாலும் பழுப்புப் படியும். பல் மருத்துவர் ஒருமுறை பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டி எடுத்து, பாலிஷ் செய்துவிட்டாலே இதில் பெரும்பகுதி போய்விடும். எனக்குப் பாதிக்கு மேல் அந்த ஒரு நாளிலேயே போயிற்று. அப்போதே சொத்தை, விரிசல், ஈறு இறக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தையை அடைக்காமல் வெளுப்பு ஜெல்லைத் தொடவே கூடாது. ஒரு பல் மட்டும் தனியாகக் கறுத்திருந்தால், அதன் உள்நரம்பு செத்திருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை), ஃபில்லிங் எதுவும் ஜெல்லுக்கு நிறம் மாறாது, சுற்றியுள்ள பல் மட்டும் வெளுத்து அவை துருத்திக்கொண்டு தெரியும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பதினெட்டு வயது ஆகாதவர்களும் தள்ளிப்போடுவது நல்லது.

சரி, அடுத்தது பல்லைத் தயார் செய்வது. பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான், கூச்சத்தைத் தடுப்பதும் இந்த இடம்தான். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்தால் நரம்பு துடிக்கும், அதைத்தான் கூச்சம் என்கிறோம். 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட் அந்த நரம்பை அமர்த்தும். ஆனால் ஒரே நாளில் அல்ல, இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் பயன்படுத்த வேண்டும். நான் நான்கு வாரம் காத்திருந்தேன். மிருதுவான பிரஷ், காலையும் இரவும் இரண்டு நிமிடம். துப்பியபின் வாய் கொப்பளிக்கவில்லை, பேஸ்ட் பல்லில் தங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபுளோரைடும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம்தான் ஜெல். 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு போதும். அது வாயில் பிரிந்து, பல்லை வெளுக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுமார் 3.5 சதவீதம் தரும். ஜெல்லை ட்ரேயில், அதாவது பல்வரிசைமேல் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில், இரவில் வைத்து வெளுக்கும் இந்த முறை 1989-ல் மருத்துவ இதழில் வெளியானது, இன்றும் பல் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அதிக சதவீதம் வேகமாக வெளுக்கும், கூச்சத்தையும் வேகமாகக் கொண்டுவரும். பெராக்சைடு எனாமலைக் கடந்து சில நிமிடங்களிலேயே நரம்பு இருக்கும் பல்லின் உள்கூழ் வரை போய்விடும் என்பதால், செறிவு குறைவாக இருப்பதே எனக்கு நிம்மதி. ட்ரேயை மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொண்டேன். பொருந்தாத ட்ரேயில் ஜெல் வழிந்து ஈறு வெந்துவிடும்.

நான் செய்த முறை இதுதான். இரவு பல் துலக்கி, ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்கச் சுவரில் ஒரு பொட்டளவு ஜெல் வைத்து மாட்டுவேன். ஈறில் பிதுங்கியதைப் பஞ்சால் துடைத்துவிடுவேன். முதல் மூன்று தடவை ஒரு மணி நேரம் மட்டும், பிறகு இரண்டு மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான், தினமும் அல்ல. ட்ரேயைக் கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்து, கூச்சப் பேஸ்ட்டை விரலால் பல்லில் பூசிக்கொண்டு படுப்பேன்.

ஐந்தாம் தடவைக்கு மறுநாள் கீழ்ப்பல் ஒன்றில் ஊசி குத்துவது போல விட்டுவிட்டு வலித்தது. ஜெல்லை உடனே நிறுத்தினேன். அதற்குப் பதில் ட்ரேயில் கூச்சப் பேஸ்ட்டை வைத்து இருபது நிமிடம் மாட்டினேன். மூன்று நாளில் அடங்கியது, நான்காம் நாள் மறுபடி ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். நிறுத்தி வைத்தால் வெளுப்பு எங்கும் ஓடிவிடாது. நிறுத்திய பிறகும் வலி நாள்கணக்கில் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ட்ரேயைக் கழற்றியதும் கண்ணாடியில் பார்த்து மகிழ வேண்டாம். பல் கொஞ்சம் வறண்டிருப்பதாலும் வெளுப்பாகத் தெரியும், ஓரிரு நாளில் அது இறங்கும். வாரம் ஒருமுறை, காலையில், அதே ஜன்னலோரத்தில் போட்டோ எடுத்து ஒப்பிட்டேன். ஆறாம் வாரம் பல்லின் நிறம் கண்ணின் வெள்ளையோடு ஒத்துப்போனது, அதோடு விட்டுவிட்டேன். அதற்கு மேல் வெளுத்தால் பல் பல்லாகத் தெரியாது.

காபியை நான் விடவில்லை. ஆனால் நாள் முழுக்க உறிஞ்சாமல் ஒரே மூச்சில் குடித்து, உடனே தண்ணீரால் வாய் கொப்பளிக்கிறேன். புளிப்பான எதையும் சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது கழித்துத்தான் பிரஷைத் தொடுகிறேன். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை, நிறம் மங்கியது போலத் தெரிந்தால், இரண்டு இரவு ஜெல் வைக்கிறேன். ட்ரேயைக் குளிர்ந்த நீரில் மட்டும் கழுவி, உலர்த்தி, டப்பாவில் வையுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும், பிறகு அது உங்கள் பல்லுக்குப் பொருந்தாது.