கல்லை முதலில் வாங்காதீர்கள்: சமையலறையைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சமையலறையைப் புதுப்பிக்கக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது சமையல் மேடைக்கான கல் விற்கும் இடத்தில். வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் பலகைகளில் ஏதோ ஒன்றில் மனசு ஒட்டிக்கொள்கிறது, அங்கேயே முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். சிங்க், குழாய், அடுப்பு எல்லாம் அதற்குப் பிறகு, அவசர அவசரமாக. இந்த வரிசை தலைகீழ். கல்லில் எங்கே, எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது சிங்க்கும் அடுப்பும் குழாயும்தான். பிடிக்காத குழாயை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். தவறாக வெட்டிய கல்லை ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே சிங்க், குழாய், அடுப்பு மூன்றும் எந்த மாடல் என்பது முதலில் முடிவாகட்டும். முடிந்தால் பொருளே கையில் வந்துவிடட்டும். படத்தில் போட்டிருக்கும் அளவுக்கும் பெட்டியைத் திறந்து அளந்தால் கிடைக்கும் அளவுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது உண்டு, கல் வெட்டுவதில் அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய விஷயம். அதற்குப் பிறகு கீழ்க் கபோர்டுகளை நிறுத்தி, மட்டம் பார்த்து, இனி நகராது என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மேடைக்கு அளவு எடுப்பது அதன் பிறகே. வரைபடத்தை வைத்துக்கொண்டு கல்லுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள், வீட்டுச் சுவர்கள் எல்லாம் சரியாக 90 டிகிரியில் நிற்கின்றன என்று நம்புகிறார்கள். பழைய வீடுகளில் அப்படி ஒரு மூலையைப் பார்ப்பதே அபூர்வம்.

சிங்க்: ஆழம், கழிவுக் குழாய், காந்தம்

ஆழமான சிங்க் என்றால் நல்ல சிங்க் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. பெரிய பாத்திரம் கிடக்கும், தண்ணீர் வெளியே தெறிக்காது, சரி. ஆனால் மேடை 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருந்து, சிங்க் 25 செ.மீ. ஆழம் என்றால் கை வேலை செய்யும் இடம் தொடை உயரத்துக்குப் போய்விடுகிறது. அரை மணி நேரம் பாத்திரம் தேய்ப்பவரின் முதுகு அதைச் சொல்லும். கல்லுக்கு அடியில் பொருத்தும் சிங்க் என்றால் கல்லின் கனமும் அந்த ஆழத்தோடு சேர்ந்துகொள்ளும். வீட்டில் அதிக நேரம் சிங்க் முன் நிற்பவர் யாரோ, அவருடைய உயரத்துக்குத்தான் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

புதுப்பிக்கும் வேலையில் இதைவிட மோசமான சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. கழிவு நீர் சுவருக்குள் போகும் துளை பழைய சிங்க்குக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். புதிய ஆழமான சிங்க்கின் அடிப்பாகமும் அதற்குக் கீழே வரும் வளைவுக் குழாயும் அந்தத் துளையைவிடத் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் வடியாது, தேங்கி நிற்கும். சுவரை உடைத்துக் குழாயை இறக்குவதுதான் ஒரே வழி. கபோர்டு வைத்து முடித்த பிறகு அதைச் செய்வது கொடுமை. ஆகவே சிங்க் வாங்கும் முன் அந்தத் துளை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அகலத்திலும் கவனம் வேண்டும். 90 செ.மீ. கபோர்டு என்றால் உள்ளே 90 செ.மீ. கிடைக்காது. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை போக 86 செ.மீ. சொச்சம்தான். சிங்க்கின் விளிம்பும் அதைப் பிடிக்கும் கிளிப்புகளும் இதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது காந்தத்துக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் காந்தம் எடுத்துப் போவார்கள் சிலர். ஒட்டவில்லை என்றால் அது 304 ரகம், உயர்ந்த ஸ்டீல் என்று முடிவு. இது பாதி உண்மை. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 200 வரிசை ஸ்டீலில் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசு சேர்க்கிறார்கள், அதன் துரு எதிர்ப்பும் குறைவு. ஆனால் இரண்டின் உள்கட்டமைப்பும் ஒரே வகை என்பதால் காந்தம் இரண்டிலுமே ஒட்டாது. 430 போன்ற நிக்கல் இல்லாத ரகத்தைத்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வேடிக்கை, அசல் 304 தகட்டை அழுத்தி வளைக்கும்போது மூலைகளில் லேசான காந்தத்தன்மை வந்துவிடும். நல்ல சிங்க்கைச் சந்தேகப்பட்டு, சுமாரானதை நம்பி வாங்கி வருவதற்கு இந்தச் சோதனை போதும். ரகம் என்ன என்பதைச் சிங்க்கில் பொறித்திருக்கிறார்களா என்று பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லியதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 16 கேஜ் சுமார் 1.5 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூலைகள் கூர்மையாக, பெட்டி மாதிரி இருக்கும் சிங்க் பார்க்க நவீனமாக இருக்கும், ஆனால் அழுக்கு போய் உட்காருவது அந்த மூலைகளில். கொஞ்சம் வளைந்த மூலை தேவலை. இரும்புப் பஞ்சால் தேய்ப்பதும் வேண்டாம். பஞ்சிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்போது சிங்க் துருப்பிடித்தது போலவே தெரியும்.

கல்லுக்கு எல்லா வரமும் கிடையாது

மேடையைத் தாக்குபவை நான்கு: சூடு, புளிப்பு, கறை, கீறல். நான்கையும் தாங்கி, விளிம்பு உடையாமல், பராமரிப்பும் கேட்காத ஒரு பொருளை யாராவது காட்டினால் அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதைத் தீர்மானிப்பதே இங்கே தேர்வு.

பளிங்கு அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் அது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு, மினுக்கம் போய் மங்கிய தடம் விழும். இது கறை இல்லை, துடைத்தால் போகாது. ‘சீலர் அடித்துவிட்டோம், கவலை வேண்டாம்’ என்று சொல்வார்கள். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சான சீலர், எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அமிலம் மேற்பரப்பைத் தின்பதைத் தடுக்காது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் பளிங்கு 3 அளவில்தான், கத்தி பட்டால் கீறல் விழும். நாளடைவில் விழும் தடங்களையும் ரசிக்கத் தெரிந்தவர்கள் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் சுவருக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கிரானைட் 6, 7 என்ற கடினத்தில் இருக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் கிரானைட் என்ற பெயரில் விற்கும் எல்லாம் ஒரே குணம் இல்லை. கறுப்பு ரகங்களில் பல உண்மையில் டோலரைட், கேப்ரோ போன்ற வேறு பாறைகள். அவை அடர்த்தியானவை, தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. வெளிர் நிறக் கற்களில் சில நன்றாகவே குடிக்கும். சோதிப்பது எளிது: மாதிரிக் கல் துண்டின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் சீலர் தேவைப்படும் கல். கன்னங்கரேல் என்று இருக்கும் கல்லில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் வேறு பலகையைப் பாருங்கள்.

செயற்கைக் குவார்ட்ஸ் எடையில் சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மீதி அதை ஒட்டவைக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசினும் நிறமியும். சீலர் தேவையில்லை, கறையும் எளிதில் பிடிக்காது, அதனால் விற்பனை பலமாக இருக்கிறது. சொல்லாமல் விடும் விஷயம் அந்த ரெசின். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே வைத்தால் ரெசின் கருகி மஞ்சள் தடம் விழலாம், திடீர்ச் சூட்டில் விரிசலும் விடலாம். சூடான பாத்திரத்துக்குக் கீழே எதையாவது வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறதா என்று வீட்டுக்குள் நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். நேரடி வெயில் விழும் இடத்திலும் இது நாளாக ஆக மஞ்சளிக்கும்.

இதை வெட்டும்போது வரும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பது. தொழிலாளர்களிடையே இந்தத் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் பெருகியதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகைகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. பொருத்தி முடித்த மேடையால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை. ஆனால் குழாய்த் துளையை ‘இங்கேயே போட்டுவிடலாம்’ என்று வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றாமல் கல் அறுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அதற்கும் இதே விதி.

குவார்ட்சைட் என்பது செயற்கைக் குவார்ட்ஸிலிருந்து வேறு, இயற்கையான, மிகக் கடினமான பாறை. அந்தப் பெயரில் பளிங்கு இனக் கற்களும் விற்பனைக்கு வருகின்றன. துண்டின் ஓரத்தால் ஒரு கண்ணாடியைக் கீறிப் பாருங்கள். குவார்ட்சைட் சிரமமில்லாமல் கண்ணாடியைக் கீறும், பளிங்கு கீறாது.

உயர் வெப்பத்தில் சுட்டு இறுக்கிய போர்சலைன், சின்டர்டு வகைப் பலகைகள் சூடு, வெயில், புளிப்பு எல்லாவற்றுக்கும் அசராதவை. ஆனால் பல ரகங்களில் டிசைன் மேற்பரப்பில் அச்சிட்டது மட்டுமே. விளிம்பில் பாத்திரம் இடித்துச் சில்லு பெயர்ந்தால் உள்ளே இருக்கும் வேறு நிறம் தெரியும். லேமினேட் மலிவு, ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் உள்ளிருக்கும் மரத்தூள் பலகை ஊதும். ஆகவே அடியில் பொருத்தும் சிங்க்கை லேமினேட்டோடு சேர்க்காதீர்கள்.

எதை எடுத்தாலும் துண்டு ஒன்றை வாங்கி வந்து, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உங்கள் அடுப்படியில் அதிகம் சிந்தும் எதுவானாலும், ராத்திரி முழுக்க விட்டு வையுங்கள். காலையில் துடைத்துப் பார்த்தால் விற்பனையாளர் சொன்னதில் எவ்வளவு நிஜம் என்று தெரியும். அதே துண்டை உங்கள் வீட்டு விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள், கடையின் விளக்கு வேறு. இயற்கைக் கல் என்றால் துண்டைப் பார்த்து ஆர்டர் தராமல், உங்களுக்கு வரப்போகும் பலகையையே நேரில் பார்த்துக் குறி போட்டு வாருங்கள்.

ஜாயின்ட் எங்கே விழும்?

இதைக் கேட்காமலே பணம் கட்டுபவர்கள் அதிகம். பலகைகள் பெரும்பாலும் 3 மீட்டர் நீளத்தை ஒட்டியே வரும். அதைத் தாண்டும் மேடையிலும் ‘ட’ வடிவ மேடையிலும் ஜாயின்ட் வந்தே தீரும். சிங்க்குக்கு வெட்டிய இடத்தில் அதைக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. அங்கே கல் குறுகலாக இருக்கும், தண்ணீரும் எப்போதும் நிற்கும். வெட்டும் துளைகளின் உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். 2 செ.மீ. கனக் கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். பழைய கபோர்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கல்லை மட்டும் மாற்றுபவர்கள், அவை அதைத் தாங்குமா என்று தச்சரிடம் கேட்டுவிட வேண்டும்.

குழாயை அழகுக்காக வாங்கினால்

உயர்ந்து வளைந்த கழுத்து, இழுத்தால் நீளும் ஹோஸ். கடையில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். வீட்டில் மாட்டினால் நூல் மாதிரி தண்ணீர் வருகிறது. காரணம் அழுத்தம். தண்ணீர்த் தொட்டி குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் உயரம் என்றால் 0.3 பார். இத்தகைய குழாய்கள் பலவற்றுக்கு அதைவிட அதிகம் தேவை. பெட்டியின் மேலோ கையேட்டிலோ குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருப்பார்கள், வாங்கும் முன் அதைத் தேடுங்கள். பம்ப் வைக்கும் எண்ணம் இல்லாவிட்டால் எளிமையான குழாயே நன்றாக ஓடும்.

தண்ணீர் விழும் இடம் சிங்க்கின் வடிதுளையை ஒட்டி இருக்கிறதா, கைப்பிடியைப் பின்னால் தள்ளினால் சுவரில் இடிக்குமா, குழாய்க்குப் பின்னால் உள்ள ஜன்னல் கதவைத் திறக்க முடியுமா என்பதையும் பாருங்கள். உயரமான குழாயும் ஆழம் குறைந்த சிங்க்கும் சேர்ந்தால் சட்டை நனையும். உடல் பித்தளையா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும், உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகம் செராமிக் டிஸ்க் கார்ட்ரிட்ஜாக இருக்கட்டும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கறுப்பு மேட் குழாய் வெள்ளைப் புள்ளிகளோடுதான் வாழும். அந்தப் புள்ளிகளைப் போக்க அமிலம் ஊற்றித் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போய்விடும். சுத்திகரிப்பான் குழாய், சோப் டிஸ்பென்சர் போன்றவை வைக்கும் எண்ணம் இருந்தால் அவற்றின் துளைகளையும் பட்டறையிலேயே போட்டு வாங்குங்கள்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக: கூரை நடுவில் ஒரே விளக்கு என்றால் உங்கள் நிழலில் நீங்களே நறுக்க வேண்டும். மேல் கபோர்டுக்கு அடியில் ஒரு பட்டை விளக்கு, பின்சுவர்ப் பக்கம் அல்லாமல் முன்விளிம்பை ஒட்டி வையுங்கள். கறுப்புப் பாலிஷ் கல் என்றால் எல்இடி புள்ளிகள் அப்படியே பிரதிபலிக்கும், மேலே மங்கல் கவர் போட்டால் சரியாகும். பிளக் பாயின்ட் எங்கே என்பதைப் பின்சுவர் டைல் ஒட்டும் முன் முடிவு செய்யுங்கள்.

கடைசியாகப் பொருத்தும் நாள். கல்லும் சுவரும் சேரும் இடத்தில் சிமென்ட் பூசினால் கொஞ்ச நாளில் வெடிக்கும், அங்கே சிலிக்கோன் வேண்டும். பளிங்கு என்றால் வினிகர் வாடை அடிக்கும் ரக சிலிக்கோன் ஆகாது, அதிலிருந்து வரும் அமிலம் கல்லைத் தாக்கும். நியூட்ரல் வகை கேளுங்கள். அது காய்ந்த பிறகு சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, அடியில் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பேப்பர் நனையாமல் வந்தால் மீதித் தொகையைக் கொடுக்கலாம்.