வில்லா தெஸ்தே: எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே, திவோலி நகரில் இருக்கும் மாளிகைத் தோட்டமான வில்லா தெஸ்தேயைப் பற்றித் தோட்டக்கலை வரலாறு பயிலும் மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம், என் தலைமுறையினர் செய்த அதே பிழைகள் மீண்டும் தலைகாட்டுவதைப் பார்க்கிறேன். ஆண்டுப்பிழை, பெயர்ப்பிழை போன்றவற்றை அவர்களே கண்டு திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தோட்டத்தை மேலிருந்து படிப்பது

இன்றைய நுழைவாயில் மேட்டில், ஊருக்குள் இருக்கிறது. பயணிகள் சீட்டு வாங்கி, மாளிகையின் அறைகளைப் பார்த்து, மாடத்தில் நின்று படமெடுத்துவிட்டுப் படிகளில் இறங்குகிறார்கள். இறங்கிய வரிசையிலேயே கட்டுரையும் எழுதப்படுகிறது. ஒரு மாணவி அம்புக்குறிகளெல்லாம் கீழ்நோக்கிச் செல்லும் அழகான வரைபடம் ஒன்றைத் தயாரித்து, இதை உருவாக்கிய கர்தினாலின் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்குருவின்) அதிகாரம் மாளிகையிலிருந்து கீழே வழிவதே இத்தோட்டத்தின் பொருள் என்று ஓர் இயல் முழுவதும் வாதிட்டிருந்தார். அந்த இயலில் ஒரு பத்தியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

திவோலியின் ஆளுநராக 1550இல் நியமிக்கப்பட்ட கர்தினால் இரண்டாம் இப்போலித்தோ தெஸ்தேவும், அவருக்காகத் தோட்டத்தைத் திட்டமிட்ட பிர்ரோ லிகோரியோவும் விருந்தினரை வரவேற்க நினைத்தது கீழ் வாயிலில். ரோமிலிருந்து வருபவர் அங்கே நுழைந்து, சமதளத்தைக் கடந்து, உச்சியில் தெரியும் மாளிகையை நோக்கி ஏற வேண்டும். அப்படி ஏறுபவர் நடு அச்சில் டிராகன் நீரூற்றை எதிர்கொள்கிறார். பொன் ஆப்பிள்களைக் காத்த டிராகனும் அதை வென்ற கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸும் இத்தோட்டத்தின் மையக் கதை. நீரூற்றைச் சுற்றிப் படிகள் இடமும் வலமுமாகப் பிரிவதை, அறத்தின் வழியா இன்பத்தின் வழியா என்று ஹெர்குலிஸ் தேர்ந்தெடுக்க நேர்ந்த தருணத்தோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். அதற்கு மேலே, குறுக்காக நீளும் நூறு நீரூற்றுகளின் இடக்கோடியில் திவோலியைக் குறிக்கும் நீள்வட்ட நீரூற்றும், வலக்கோடியில் ரோமின் சிற்றுருவான ரோமெத்தாவும் இருக்கின்றன. திவோலியின் ஆறுகள் ரோமை அடைவதை அந்த நீள்வரிசை காட்டுகிறது.

மேலிருந்து இறங்குபவருக்கோ டிராகன் கடைசியில்தான் வருகிறது, படிகள் பிரியாமல் கூடுகின்றன, கதை முடிவிலிருந்து தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது, இந்தத் தவறு ஒரு வரியோடு நிற்காமல் பின்வரும் எல்லா விளக்கங்களையும் கெடுத்துவிடுகிறது என்பதுதான். ஆகவே போகிறவர்கள் குறிப்பேட்டைத் திறக்காமல் நேராகக் கீழ் வாயில்வரை இறங்கி, அங்கே திரும்பி நின்று தொடங்குங்கள். முழங்கால் வலிக்கும், கட்டுரை தப்பிவிடும்.

டுபேராக்கின் படத்தை அப்படியே நம்புவது

எத்தியேன் டுபேராக் 1573இல் வெளியிட்ட செதுக்கோவியம் தோட்டத்தைக் கீழிருந்து காட்டுவதால் மிகப் பயனுள்ளது. ஆனால் திட்டத்தில் மட்டுமே இருந்து, ஒருபோதும் கட்டப்படாத பகுதிகளும் அதில் உள்ளன. திட்டம் முழுதும் நிறைவேறும் முன்பே, 1572இல், கர்தினால் இறந்துவிட்டார்.

நெப்டியூன் நீரூற்றைக் கர்தினாலுக்குக் கொடுப்பது

அது 20ஆம் நூற்றாண்டில் அத்திலியோ ரோஸ்ஸி அமைத்தது.

பம்பைத் தேடுவது

இங்கே பம்பு எதுவும் இல்லை. அனியேனே ஆற்றின் நீர் ஊருக்கு அடியில் வெட்டிய கால்வாய் வழியே வந்து, உயர வேறுபாட்டால் மட்டுமே பீறிடுகிறது.

வெறும் மாடக்குழிகளைப் பாராட்டுவது

சிலைகளற்ற மாடக்குழிகளின் எளிமையை வியந்து எழுதுபவர்கள் உண்டு. அவை எளிமைக்காகக் காலியாக விடப்பட்டவை அல்ல. பக்கத்திலிருக்கும் ஹாட்ரியன் பேரரசரின் வில்லா உட்படப் பல இடங்களில் தோண்டியெடுத்த பழஞ்சிலைகள் இங்கே நிறைந்திருந்தன. 18ஆம் நூற்றாண்டில் உரிமையாளர்கள் அவற்றில் பெரும்பகுதியை விற்றுவிட்டார்கள். சில இன்று ரோமின் கப்பிடோலின் அருங்காட்சியகத்தில் இருப்பதால், சிலைகளைப் பற்றி எழுத விரும்புபவர் திவோலியோடு பயணத்தை முடித்துக்கொள்ள முடியாது.